கிரேன் கேபினில் ஆடிய ஆட்டம்

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

உன் அண்ணன் நலமாக இருக்கிறார். தோளில் காயம், அவ்வளவுதான். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஆன்லைன் ரம்மியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தேனே, விடவில்லை. நேற்று கிரேன் கேபினிலேயே பணம் கட்டி ஆடினேன். ஆறு பேரில் நான்கு பேர் புள்ளி வரம்பைத் தாண்டி, சுற்றுக்கு ஒருவராக வெளியேறிவிட்டார்கள். மிச்சம் நானும் இன்னொருவனும்.

கொக்கியில் இரும்புக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்று சைகை காட்டும் உன் அண்ணன் வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்.

"மாப்ள, காத்து எழும்புது. சீக்கிரம் எறக்குங்க."

"ஒரு நிமிஷம் மச்சான்."

ஒரே ஒரு சீட்டுக்காகக் காத்திருந்தேன். வந்தது. ஜெயித்தேன். நிமிர்ந்தபோது கட்டு ஆடி அவரைத் தள்ளியிருந்தது. கடைசி நொடியில் குனிந்ததால் தோளோடு போயிற்று.

இன்ஜினியர் விசாரித்தபோது உன் அண்ணன், "காத்துதான் சார் காரணம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவர் மறுபடி அதே இடத்தில் நிற்பார். மேலே நான் இருப்பேன். அன்றைக்குப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

அதற்குள் ஊரிலிருந்து வந்துவிடு. போனை நீயே வாங்கி வைத்துக்கொள்.

உன் கணவன்