நல்ல தண்ணீர் விட்ட மூன்று பாத்திகள்

பெப்ரவரி 2

கம்பஸில், பல்கலைக்கழகத்தில், படித்த காலத்துக் கொப்பியின் மிச்சத் தாள்களில் எழுதுகிறேன். பாடத்துக்கென்று அப்பா வாங்கித் தந்த தாள்கள். மன்னிக்கட்டும்.

அப்பா தோட்டத்தால் வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பீற்றூட் இலையை எடுத்து மேசையில் வைத்தார். முதிர்ந்த இலை. ஓரமெல்லாம் கருகியிருந்தது. பொட்டாசியம் போதாத பயிர் முதலில் முதிர்ந்த இலையைத்தான் கைவிடும்.

பொட்டாஷ் உரம் கால்வாசி போதும் என்றது நான். எங்கள் கிணறு சவர், உப்புத் தண்ணீர். அந்த உப்பிலுள்ள சோடியத்தைப் பொட்டாசியத்தின் இடத்தில் பீற்றூட் பெருமளவு எடுத்துக்கொள்ளும். படித்ததைச் சொன்னேன். அப்பா முழுத் தோட்டத்திலும் அப்படியே செய்தார்.

இந்தப் போகம் போனால் என் வாயால்தான் போனது.

பெப்ரவரி 3

பக்கத்துத் தோட்டத்து விநாயகமூர்த்தி அண்ணை வேலிக்கு அப்பால் நின்று: “கம்பஸ் பிள்ளை உப்புத் தண்ணியில தோட்டம் செய்விக்குதாம். இனி மிளகும் போடச் சொல்லும்.”

அப்பா சிரிக்கவில்லை. நான் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பெப்ரவரி 4

தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால்தானே தெரியும்? “படிச்ச பிள்ளை சேத்துக்க நிக்கிறதோ? வேலைக் கடிதம் வரட்டும்” — விதைத்த நாளிலிருந்து அப்பா இதையே சொல்கிறார். அவரிடம் கேட்க ஒன்று இருக்கிறது. வாய் வரவில்லை.

பெப்ரவரி 6

அம்மாவுக்குக் காய்ச்சல். தோட்டத்துக்குச் சாப்பாட்டை நான் கொண்டுபோனேன்.

கருகியவை மூன்று பாத்திகள் மட்டும், றோட்டோரம். மற்றதெல்லாம் தடித்த பச்சை இலை. ஏன் இந்த மூன்று? பார்த்துக்கொண்டு நிற்க, அப்பா சைக்கிளில் வந்தார். பின்னால் இரண்டு தண்ணீர்க் கான்.

“எங்கத்தைத் தண்ணி அப்பா?”

“கோயிலடிக் கிணறு. நல்ல தண்ணி.” பிறகு, வேறு பக்கம் பார்த்து: “றோட்டால போறவையின்ர கண்ணில படுற பாத்தியள். உன்ர பேர் கெடக்கூடாதெண்டு இதுகளுக்கு மட்டும் விட்டனான்.”

பொட்டாஷும் குறைவு, உப்பும் இல்லை. அந்த மூன்றுக்கும் இரண்டில் ஒன்றுகூடப் போதியளவு கிடைக்கவில்லை.

நான் சொன்னது பிழையில்லை. ஆனால் இதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீருக்காகச் சைக்கிள் மிதித்திருக்கிறார்.

பெப்ரவரி 7

சொல்லிவிட்டேன். “அப்பா, இதுக்குச் சவர்தான் சாப்பாடு. நல்ல தண்ணி பட்டினி போட்டிட்டுது.”

அப்பா கான்களைப் பார்த்தார். “அப்ப என்ர முழங்காலுக்கும் நல்லதுதான்.”

அந்த மூன்றுக்கும் கொஞ்சம் பொட்டாஷும் போடச் சொன்னேன். போட்டார்.

பெப்ரவரி 19

கருகல் மேல் இலைகளுக்கு ஏறவில்லை.

மார்ச் 14

முற்றம் நிறையக் கிழங்கு. அந்த மூன்று பாத்திக் கிழங்குகள் சிறியவை. மற்றவை அம்மாவின் கைக்குள் அடங்கவில்லை.

விநாயகமூர்த்தி அண்ணை வேலிக்கு இந்தப் பக்கம் வந்தார். “பிள்ளை, என்ர வெங்காயத்துக்கும் சவரை விடட்டோ?”

“வேண்டாம் அண்ணை. வெங்காயம் தாங்காது.”

“மிளகு போட்டுப் பார் மூர்த்தி,” என்றார் அப்பா.

அவர் போனபின், மண் கழுவிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தினேன். முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த கிழங்கைப் பார்த்துத்தான் கேட்டேன்:

“அப்பா, அடுத்த போகம் தண்ணி இறைக்கேக்க நானும் வரட்டோ?”