அப்பா படிக்காத மெயில்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் வருகிறது, மழை போனால் போய்விடுகிறது. நீ நலமா என்று இந்த முறை நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் சூப்பரா இருக்கேம்மா என்பாய், ஞாயிற்றுக்கிழமை போனில் அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உன் ஆபீஸ் முகவரியிலிருந்து நம் வீட்டு மெயிலுக்கு ஒன்று அனுப்பிவிட்டு, சற்று நேரத்தில் வேண்டாம் என்று திரும்ப இழுத்தாய் அல்லவா, அது திரும்பி வரவில்லையடி. இங்கேதான் இருக்கிறது. நான் படித்துவிட்டேன். வேலை பிடிக்கவில்லை, மத்தியானச் சாப்பாட்டை மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன், விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் போலிருக்கிறது, ஆனால் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறீர்கள், இப்போது வந்தால் உங்களுக்குத்தான் தலைகுனிவு என்று எழுதியிருந்தாயே, ஒரு எழுத்து விடாமல் எல்லாம் வந்து சேர்ந்தது.

உடனே முகத்தைப் பொத்திக்கொள்ளாதே. அது ஏன் திரும்பவில்லை என்று முதலில் சொல்கிறேன், இந்த விஷயத்தில் உன் அம்மா இப்போது பாதி டாக்டர். எப்படி ஆனேன் என்றால், எங்கள் லிஃப்ட் கம்பெனியில் ஒரு மேனேஜர் இருக்கிறாரே, டீ வாங்கி வரச் சொல்லும் மெயிலுக்குக்கூட அவசரம் என்று சிவப்புக் குறி போட்டு அனுப்புகிறவர், நாங்கள் அவரை அவசரம் என்றே கூப்பிடுவோம், அவர் இரண்டு வாரம் முன்பு ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஸ்டோரில் இருக்கும் என் சிநேகிதிக்கு, அவசரத்தின் வயிற்றுப் பட்டனைப் பார்த்தாயா, எந்த நிமிஷமும் தெறித்து யார் கண்ணையாவது குத்திவிடும், எதிரில் நிற்காதே என்று எழுதினேன். எழுதியது சரி. ஆனால் புதிதாகத் தொடங்காமல், அந்த வாரத்து சர்வீஸ் அட்டவணை மெயிலிலேயே பதில் என்று அழுத்தி எழுதியிருக்கிறேன். அந்த அட்டவணை ஆபீஸ் முழுவதற்கும் போவது, போதாக்குறைக்கு நாங்கள் லிஃப்ட் போட்டுக்கொடுத்த ஹோட்டல் மேலாளருக்கும் போவது. பட்டன் செய்தி அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் ஓடினேன், அவள் தலையில் அடித்துக்கொண்டு, திரும்பப் பெறு என்று ஒன்று இருக்கிறது, அதை அழுத்துங்கள், ஆனா ரொம்ப நம்பிடாதீங்க என்றாள்.

அவள் எனக்கு விளக்கியதை உனக்கும் சொல்கிறேன். திரும்பப் பெறுவது என்றால் நாம் கையை நீட்டி மெயிலைப் பிடித்து இழுப்பதில்லையாம். முதல் ஆள் பின்னாலேயே இரண்டாவது ஆளை ஓடவிடுகிறோம், அவ்வளவுதான். ஒரே ஆபீஸுக்குள் என்றால் வாசலில் நிற்கும் காவல்காரர் நம் ஆள், இரண்டாமவன் சொல்வதைக் கேட்டு, வீட்டுக்காரர் இன்னும் பிரிக்காத உறையாக இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவார். பிரித்துப் படித்தாயிற்று என்றால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார். வேறு ஆபீஸ், வேறு கம்பெனி மெயில் என்றால் காவல்காரர் நம்மை மதிக்கவே மாட்டார், நீ யாருப்பா என்று கேட்டுவிட்டு இரண்டாவது ஆளையும் உள்ளே உட்கார வைத்துவிடுவார். எனக்கு நடந்ததும் அதுதான். பிரிக்காதவர்களின் பெட்டியிலிருந்து பட்டன் சத்தமில்லாமல் மறைந்துவிட்டது, பிரித்தவர்களிடம் அப்படியே நின்றது. கூடவே, இன்னார் இந்தச் செய்தியைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்று ஒரு அறிவிப்பு வேறு ஆளாளுக்குப் போயிருக்கிறது. பட்டன் மெயிலைத் திறக்காத கணக்கர்கூட அதைப் பார்த்துவிட்டு, என்னமோ ஒளிக்கிறீங்க, என்ன அது என்று என் மேஜைக்கு நடந்து வந்தார். ஹோட்டல் மேலாளருக்கு இரண்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா என்பார்கள், நான் அள்ளப் போய் இன்னும் நன்றாக இறைத்துவிட்டேன். அவசரம் எல்லாவற்றையும் போனிலேயே படித்துவிட்டாராம். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் சிவப்புக் குறியோடு எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது, பட்டன் மாற்றப்பட்டது, இனி எதிரில் நிற்கலாம் என்று ஒரே ஒரு வரி. அந்த மனிதரை இனிமேல் கேலி செய்வதற்கே மனசு வராது, ஒரு வாரமாவது வராது.

இந்தக் கதையை அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பஸ் மாதிரிதான், ஸ்டாப் தாண்டிட்டா நான் கதவு திறக்க மாட்டேன்ல என்றார். ஆனால் பிரிக்காத மெயில்தான் திரும்பிப் போகும் என்று நான் சொன்னதை மட்டும் மனசில் முடிந்துவைத்துக்கொண்டார். அது எனக்குத் தெரியவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் உன் மெயிலும், பின்னாலேயே நீ அதைத் திரும்பக் கேட்கும் அறிவிப்பும் வந்தன. நான் படித்தேன், இவருக்கு ரத்தக்கொதிப்பு, இப்போது சொல்ல வேண்டாம், நானே யோசிக்கிறேன் என்று மூடிவைத்தேன். மறுநாள் பார்த்தால் அது படிக்காத மெயில்போலத் தடித்த எழுத்தில் நிற்கிறது. என் கண்தான் கெட்டுவிட்டது என்று திறந்து மூடினேன். அதற்கு அடுத்த நாளும் தடித்த எழுத்து. கம்ப்யூட்டர் பிரிவுப் பெண்ணைக் கேட்டேன், தானா அப்படி ஆகாது, வீட்ல யாரோ மாத்துறாங்க என்றாள். வீட்டில் யாரோ என்றால் நானும் அப்பாவும்தானே. நடுவில் இன்னொன்றும் நடந்தது. உன் அறையில் போட்டிருந்த என் தையல் மெஷினை யாரும் சொல்லாமலே அப்பா தூக்கி வந்து கூடத்தில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்குத் தூசி என்றார். தூசிக்காக மெஷினைத் தூக்குகிற ஆளா உன் அப்பா?

சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தேன். டிரைவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், கண்ணாடி மூக்கு நுனியில், ஒற்றை விரலால் மவுஸைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். திருதிருவென்று விழித்தார். என்னதான் செய்றீங்க என்றேன். நீதானே சொன்ன, படிக்காம இருந்தாத்தான் திரும்பிப் போகும்னு, புள்ள திரும்பக் கேக்குது, நான் அவசரப்பட்டுப் படிச்சுத் தொலைச்சிட்டேன், அதான் தினமும் படிக்காததா மாத்தி வைக்கிறேன், இன்னும் போக மாட்டேங்குது என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டேன். நீ கேட்டதை எப்படியாவது கொடுத்துவிட வேண்டும் என்று தினமும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து அந்த மனிதர் செய்த வேலை இது. தடித்த எழுத்து நாம் பார்ப்பதற்கு மட்டும்தான், நம் மகள் அனுப்பிய இரண்டாவது ஆள் அன்றைக்கே நம் வாசலில் தோற்றுப்போய் உட்கார்ந்துவிட்டான், இனி யாரும் வந்து கேட்கப்போவதில்லை என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டு, அப்ப நாம படிச்சது புள்ளைக்குத் தெரியுமா என்றார். நாமாகச் சொன்னால்தான் தெரியும் என்றேன். அப்ப சொல்லாத, போயிடுச்சுன்னே நினைச்சுக்கட்டும், அது வெட்கப்படும் என்றார். இரண்டு நாள் எங்களுக்குள் இதே பேச்சு. கடைசியில் நான்தான் ஜெயித்தேன், எப்போதும்போல. போனில் சொன்னால் நீ வாயை மூடிவிடுவாய், மெயிலில் எழுதினால் மீண்டும் மெயிலா என்றாகும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இப்போது நீ எழுதியதற்கு என் பதில். தலைகுனிவு என்று எழுதினாயே, அந்த ஒரு சொல்தான் எனக்குச் சுருக்கென்றது. உன்னைப் பற்றி இந்தக் கட்டடம் முழுக்கப் பெருமை அடித்தது நான், அந்த வாயை நானே பார்த்துக்கொள்கிறேன், அதை நீ சுமக்க வேண்டாம். ஆபீஸ் முழுக்கப் பட்டன் மெயில் அனுப்பிவிட்டு மறுநாள் தலை நிமிர்ந்து வேலைக்குப் போனவள் நான், என்னை எதுவும் குனியவைக்காது. நீ வா என்றும் நான் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வேலை கஷ்டமா, அல்லது தனிமைதான் கஷ்டமா என்று உனக்குள்ளேயே பிரித்துப் பார். வேலை என்றால் விட்டுவிடலாம். தனிமை என்றால் ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படியிலிருந்து இறங்கி யார் மேஜையிலாவது போய் உட்கார்ந்து பார், ரொம்ப மோசமாக என்ன ஆகிவிடும், இடமில்லை என்பார்கள், படி எங்கும் ஓடிவிடாது. எதுவானாலும் திங்கட்கிழமை முடிவெடுக்காதே, திங்கட்கிழமை எனக்கே எல்லாவற்றையும் விட்டு ஓடத் தோன்றும்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. மாடி வீட்டுப் பல் டாக்டர் ட்ரம்பெட் கற்றுக்கொள்கிறார், அதைக் கேட்பதற்கு அவரிடம் போய்ப் பல்லையே பிடுங்கிக்கொள்ளலாம். குளியலறைக் குழாயை அப்பா சரிசெய்தார், இப்போது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. உன் அறைக் கதவு மழைக்கு உப்பி, திறக்கவும் மூடவும் வராமல் இருந்தது, அதையும் இழைத்துவிட்டார், காரணம் கேட்டால் அதுவும் தூசிதானாம்.

ஒரு விஷயம், மறந்துவிடாதே. இனிமேல் மெயில் எழுதும்போது முகவரியைக் கடைசியில் போடு, எழுதி முடித்து ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகு. அனுப்பியதும் உடனே கிளம்பாமல் கொஞ்சம் தாமதித்துப் போகும்படி வைக்கலாம் என்று அந்தப் பெண் காட்டிக்கொடுத்தாள், நானும் வைத்திருக்கிறேன். மெயில் அப்போது வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும், அந்த நேரத்தில்தான் நிஜமாகக் கையைப் பிடித்து நிறுத்த முடியும், தெருவில் இறங்கிவிட்டால் ஓடிப் பயனில்லை. ஆனால் இந்தப் புத்தியெல்லாம் ஆபீஸுக்கு. எங்களுக்கு எழுதும்போது யோசிக்காதே, தண்ணீர் குடிக்காதே, மனசில் வந்ததை அப்படியே அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். மனசு நிறைந்து, வயிறு நிறைந்து, பேச்சுத் துணையோடு நீ நன்றாக இருக்க வேண்டும். உன் மெயில் இன்னும் பெட்டியில் தடித்த எழுத்தில்தான் இருக்கிறது, அப்பா மாற்ற விடவில்லை. அது உனக்குத் திரும்ப வேண்டுமென்றால், நீயே நேரில் வந்து எடுத்துக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அம்மா

கீழே அப்பா ஏதோ எழுத வேண்டுமாம், பேனாவைக் கேட்கிறார்.

கண்ணு, நான் எதையும் படிக்கவில்லை. உன் அறைக் கதவு இப்போது சுலபமாகத் திறக்கிறது. – அப்பா