மேர்சி சுவர்ப்பக்கம் திரும்பிய காலை

நேற்று மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் பூசணிக் கொழுந்து கட்டுக் கட்டாக வைத்திருந்தார்கள். கையில் எடுத்ததும் சுணை விரலில் உறுத்தியது. மலாவியில், அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் சமையற்கட்டில் நீயும் நானும் உட்கார்ந்து நார் உரித்த அதே கொழுந்து. வாங்காமல் வந்துவிட்டேன்.

இங்கே ஒரே வார்டில் தாதியராக வேலை செய்த நாம் இருவரும் விடுப்பெடுத்துக்கொண்டு அங்கே தொண்டுக்குப் போனோம். நான் பிரசவ வார்டில் நின்றேன். உன்னிடம் மேர்சி வந்தாள். அடுப்பில் விழுந்து இரண்டு காலும் வெந்துபோன நாலு வயதுப் பிள்ளை. வேறு யார் புண்ணின் கட்டை அவிழ்த்தாலும் ஆஸ்பத்திரி அதிரக் கத்துவாள். நீ அவிழ்த்தால் உன் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள்.

நாம் புறப்பட்ட காலை, வாசலில் எல்லோரும் பாடிக்கொண்டு நின்றார்கள். நீ கடைசியாக அவளிடம் போனாய். நாளைக்கு எப்போது வருவாய் என்று கேட்டாள். அங்குள்ள தாதி அதை ஆங்கிலத்தில் நமக்குச் சொன்னாள்.

"வாறன் எண்டு சொல்லு. பிள்ளை அழாமல் இருக்கும்," என்றேன்.

"பொய் சொல்லிப்போட்டு என்னாலை போகேலாது."

இனி வரமாட்டாய் என்பதைத் தாதி அவளுக்குச் சொன்னாள். மேர்சி அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீ கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. வெளியே வாகனம் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நீ நிம்மதியாக இருந்து நான் பார்க்கவில்லை. மொன்றியலில், பிரெஞ்சில் நன்றி சொல்லும் 'மெர்சி' என்ற சொல்லுக்குத் தப்பி எங்கே ஓடுவது? கடையில் மிச்சக்காசு வாங்கினாலும், மெட்ரோவில் யாருக்காவது கதவைப் பிடித்துவிட்டாலும் அந்தச் சொல்தான். "ஆரோ அவளைக் கூப்பிடுற மாதிரி இருக்கு," என்பாய். நாம் வந்த பிறகு மேர்சி கட்டை மாற்ற யாரையாவது விட்டாளா, புண் சீழ் பிடித்ததா என்று எத்தனை பேரிடம் விசாரித்தாய். அங்கே ஆட்கள் மாறிவிட்டார்கள். பதில் வரவில்லை. புற்றுநோய் உன்னைக் கட்டிலில் போட்ட பிறகும் ஒருநாள் கேட்டாய்.

"நான் பொய்யே சொல்லியிருக்கலாம், என்ன?"

இல்லை என்றுதான் சொன்னேன். உன் முகம் தெளியவில்லை. மாசியில், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது போய்விட்டாய்.

இந்தக் கோடையில் நம் வார்டுக்குப் புதிதாக வந்த சுதா அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மேர்சியை விசாரிக்கச் சொல்லி உன் படத்தையும் கொடுத்துவிட்டிருந்தேன். போன வாரம் சாப்பாட்டு அறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, மேர்சியைக் கண்டனான். பள்ளிக்கூடம் போறாள். ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள். ஆனா மற்றப் பிள்ளையளோடை ஓடுறாள்."

"படத்திலை இருக்கிறவளைப் பற்றி ஏதாவது கேட்டவளோ?"

சுதா கரண்டியைக் கீழே வைத்தாள். "படத்தைக் காட்டினனான் அக்கா. ஆரெண்டு தெரியேல்லையாம்."

வேலை முடிந்து லாசாலில் உள்ள வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது, என்னை அறியாமல் தொலைபேசியில் உன் பெயர்வரை போய்விட்டேன். பிள்ளை உயிரோடிருக்கிறாள் என்று சொல்லத்தான். மற்றதையும் சொல்லியிருப்பேனா? அவள் உன்னை மறந்துபோனாள் என்று கேட்டு நீ ஆறியிருப்பாயா, இன்னும் உடைந்திருப்பாயா? இத்தனை வருடம் உன்னோடு பழகிய எனக்கே தெரியவில்லை. இரண்டு செய்தியும் இப்போது என்னிடமே இருக்கின்றன.