இறுகாமல் போன தரை

அண்ணை,

கழன்றுபோன அலமாரிக் கைபிடியை ஒட்டுவதற்கு இரண்டு குழாயாக வரும் எப்பொக்சிப் பசை வாங்கிவந்தேன். பசையை இறுகவைக்கும் ஹார்ட்னர் குழாயின் மூடியைத் திருகியதுமே அந்தக் கருவாட்டு வாடை. "யன்னலைத் திறவுங்கோ, நாறுது" என்றாள் மனைவி. எனக்கோ உங்கள் முகம்தான் வந்தது. நல்ல முகமாக வரவில்லை.

2003 மாரிக் குளிரில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், லாசால் பகுதிக் கொம்பனி ஒன்றில் நாம் இருவரும் எப்பொக்சித் தரை பூசினோம். மன்னாரில் பைபர் வள்ளம் திருத்தியவர் நீங்கள். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்துக்குப் போனபோது உள்ளே சூடாக்கி இன்னும் பொருத்தப்படவில்லை. குளிரில் பிசினும் ஹார்ட்னரும் சேர்ந்த கலவை இறுக நேரமெடுக்கும், பொறுக்கத்தான் வேண்டும். நீங்கள் ஹார்ட்னரை அளவுக்கு மேல் ஊற்றினீர்கள்.

"அண்ணை, அளவு தப்புது" என்றேன்.

"வள்ளத்துக்கு ரெண்டு துளி கூட விட்டால் கெதியா இறுகும். எனக்குப் படிப்பிக்கிறியே?"

வள்ளத்துப் பசைக்கு அது சரி. அங்கே அந்தத் துளிகள் இறுகலைத் தொடக்கிவிடுவதோடு சரி. எப்பொக்சியில் ஹார்ட்னரும் பிசினோடு பிணைந்து தரையாகவே ஆகவேண்டும். பிணையப் பிசின் கிடைக்காத மிச்சம் உள்ளே சும்மா கிடந்து எல்லாவற்றையும் இளக்கிவிடும். கெதியாக இறுக வேண்டுமென்றால் வேறு வகை ஹார்ட்னர் எடுக்க வேண்டும், அல்லது இடத்தைச் சூடாக்க வேண்டும். இதை எங்கள் வேலையை மேற்பார்த்த போர்மன் முதல் கிழமையே சொன்னவர். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

திங்கட்கிழமை பாரந்தூக்கி வண்டியின் சில்லு தரையில் புதைந்து தடம் விட்டது. யார் கலந்தது என்று போர்மன் கேட்டார். நம் இருவரில் பிரெஞ்சு தெரிந்தவர் நீங்கள்தான். என்னைப் பார்க்காமலே "செ லுயி" என்றீர்கள். இவன்தான் என்று விளங்குமளவுக்கு எனக்கும் பிரெஞ்சு இருந்தது. மறுத்துச் சொல்லத்தான் இருக்கவில்லை.

அன்றோடு வேலை போயிற்று. அந்த வேலையைக் காட்டித்தான் வவுனியாவில் இருந்த மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிட இருந்தேன். லவாலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அவர்கள் வந்து சேர மேலும் சில வருடங்கள் பிடித்தன; அதற்குள் மகள் என்னைத் தொலைபேசியில் மட்டும் அப்பா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். நேரில் கண்டபோது தாயின் பின்னால் ஒளிந்தாள். அதை நான் மறக்கவில்லை, அண்ணை, மறக்கிற எண்ணமும் இல்லை.

கோயில் வாசலில் காணும்போதெல்லாம் "பேந்து ஆறுதலாக் கதைப்பம்" என்று தள்ளிப்போடுவீர்கள். உங்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், பயம் இருந்தது, தெரியும். அதை ஒருதரமாவது வாய்திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமலே போய்ச் சேர்ந்தீர்கள்.

அடக்கத்தன்று உங்கள் மகள் என்னிடம் வந்தாள். "அங்கிள், உங்களை வேலையால நிப்பாட்டின நேரம் அப்பா போர்மனோட சண்டை பிடிச்சவராம், என்ன?"

வீட்டில் அப்படியா சொல்லி வைத்திருந்தீர்கள்? பெட்டி இன்னும் மூடப்படவில்லை. அந்தப் பிள்ளை அழுதழுது கண் வீங்கி நின்றாள்.

"ஓம் பிள்ளை. எனக்காக நல்லாச் சண்டை பிடிச்சவர்" என்றேன்.

அவள் அதை எல்லோரிடமும் சொல்கிறாள். கேட்பவர்கள் என்னிடம் வந்து உங்களைப் புகழ்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.