அலுமாரிக்கு மேலே இருந்த ஜாக்கெட்டுகள்

இஞ்சேருங்கோ, இன்று காலை உங்கள் படகை வாங்க ஒருவர் வந்தார். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கிறாராம். பதிவைத் தன் பெயருக்கு மாற்றும்போது லைஃப் ஜாக்கெட்டுகளையும் காட்டவேண்டும் என்றார். அலுமாரிக்கு மேலிருந்து நான்கையும் இறக்கினேன். ஓர் உறையின் வாயைத் திறந்ததும் புதுச் சாமான் மணம் முகத்தில் அடித்தது. உங்கள் ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது, அவை இன்னும் புதிதாகவே மணக்கின்றன.

வீட்டு வரி கட்டக்கூட என்னை அனுப்புகிற மனிதர், அந்தப் படகைப் பதிவு செய்ய அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினீர்கள். பரிசோதிக்க வந்த உத்தியோகத்தருக்குப் பொல்கொட ஏரிக்கரையில் வைத்து ஜாக்கெட், விசில், கயிறு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினீர்கள். பதிவு இலக்கத்தைப் படகின் இரு பக்கமும் நாக்கைக் கடித்துக்கொண்டு நீங்களே எழுதினீர்கள். அன்று பின்னேரமே ஜாக்கெட்டுகளை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து, துடைத்து, பழையபடி பொலித்தீன் உறையில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, அலுமாரிக்கு மேலே ஏற்றினீர்கள்.

"ஏனப்பா, தண்ணிக்குப் போகேக்க போடத்தானே வாங்கினது?"

"வெயில்ல நிறம் வெளிறிப்போகும். அடுத்த முறையும் காட்டவேணுமெல்லே."

நம் வீட்டில் இது புதிதல்ல. சோபாவின் உறையை மகன் வளர்ந்து மீசை முளைக்கும்வரை நீங்கள் கழற்றவிடவில்லை. ரிமோட்டுக்கும் உறை. நல்ல சாமான் வந்தவர்களுக்குக் காட்ட, பழசு நமக்கு. அதற்கெல்லாம் உங்களைப் பகிடி பண்ணியிருக்கிறேன். ஜாக்கெட்டுக்கு மட்டும் சண்டை பிடித்தேன். உங்கள் பதில் எப்போதும் ஒன்றுதான்: "பருத்தித்துறைக் கடல்ல நீந்தினவனுக்கு இந்தக் குளம் ஒரு தண்ணியே?"

அந்தப் போயா நாளில், பௌர்ணமி லீவுக்கு, என் தம்பியையும் கிருலப்பனையில் போய் ஏற்றிக்கொண்டு போனீர்கள். அவனுக்கு நீந்தத் தெரியாது. நடு ஏரியில் காற்று அடித்துப் படகு கவிழ்ந்தபோது, பயத்தில் அவன் அந்தப் படகையே கட்டிப்பிடித்துக்கொண்டான். நீங்களும் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். "நீ பிடிச்சுக்கொண்டிரு, நான் கரைக்குப் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றீர்களாம். கரை கிட்டத்தான் தெரிந்ததாம். மீன்பிடிக்க வந்தவர்கள் அவனைத் தங்கள் படகில் ஏற்றினார்கள். உங்களை மறுநாள்தான் எடுத்தார்கள்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். நானும் தலையாட்டினேன். அவர்கள் அழுதுகொண்டிருந்த அறையில்தான் அந்த நான்கும் அலுமாரிக்கு மேலே இருந்தன. எனக்கு விதியோடு கோபமில்லை, உங்களோடுதான்.

இன்று வந்தவர் ஒன்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, ஒரு ஊத்தை இல்லையே! கவரோடயே தாங்கோ. நானும் இப்பிடியே கவனமா வச்சிருப்பன்."

கத்தரிக்கோலை எடுத்து நான்கு உறைகளையும் கிழித்தேன். குளியலறைக்குக் கொண்டுபோய், பைப்பைத் திறந்துவிட்டு ஊற ஊற நனைத்தேன். சொட்டச் சொட்ட அவர் கையில் கொடுத்து, "இப்ப பழசு. இனிப் பயமில்லாமல் போடலாம். போடமாட்டீங்களெண்டால் படகு இல்லை" என்றேன். பாவம், மனிசன் ஹோலிலேயே ஒன்றை மாட்டிக்கொண்டார். படகைக் கொடுத்துவிட்டேன்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். உங்கள் கதிரையில் இருக்கமாட்டான். சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டான். அவன் தப்பியது எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதை அவனிடம் சொல்ல வாய் வருவதில்லை. நீந்தத் தெரியாததால் அவன் என் முன்னால் இருந்து சாப்பிடுகிறான். நீங்களும் தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற ஒருவராக இருந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியோடு, கிழவியாகும்வரை நான் சண்டை பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.