ஒரு கருவிழியும் இரண்டு கட்டில்களும்

அன்புள்ள அம்மாவுக்கு மகன் வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

பதறாமல் படியுங்கள். பட்டறையில் வெல்டிங் பொறி தெறித்து, என் வலது கருவிழியில் தழும்பு விழுந்து பார்வை மங்கியிருந்தது. இறந்துபோன ஒருவர் தானமாகத் தந்த கண்ணால் இப்போது சரிசெய்துவிட்டார்கள். அதுவும் புது முறையாம். ஒரே கருவிழியைப் பிரித்து, மேலடுக்கை எனக்கும் உள்ளடுக்கைப் பக்கத்துக் கட்டில் லாரி டிரைவருக்கும் வைத்தார்கள். "இனிமே நாம ஒரு கண்ணுப் பங்காளிங்க தம்பி" என்று அவர் சிரிக்கிறார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "கண்ணு கிடைச்சிருக்கு, உடனே வாங்க" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் துள்ளிக் குதித்தேன். கூடத் தங்கியிருப்பவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்நேரம் ஏதோ ஒரு வீட்டில் மாரடித்து அழுதிருப்பார்கள் என்பது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. யாருடைய கண் என்று கேட்டேன். சொல்லக்கூடாதாம்.

குனியக் கூடாது என்பதால் எழுத்து கோணுகிறது. பதில் எழுதினால் படிக்கக் கண் கூசும்; அதனால் நீங்கள் பேசிப் பதிவு செய்து போனில் அனுப்புங்கள். இத்தனை நாள் சொல்லாததற்குத் திட்டினாலும் பரவாயில்லை, குரல் கேட்டால் போதும். சொட்டு மருந்து விட நர்ஸ் வந்துவிட்டார்.

சாமி கும்பிடும்போது எனக்காக வேண்டுவதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். அந்த வீட்டில் ஓர் அம்மா இருந்தால், அவருக்காக வேண்டுங்கள்.

உங்கள் மகன்