ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அங்கன்வாடி

என் சண்டைக்கார அக்கா அமலிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வராது. நீ இல்லை. டெங்கு வந்து நீ போய் இது இரண்டாவது வருடம். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஆஸ்பத்திரியையும் கொசுவையும் திட்டித்தான் முடிப்பேன், அதனால் விட்டுவிடுகிறேன். உன்னிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இதை நம் குழுவின் ஆண்டு மலரில் போடப்போவதாக உன் தோழி பிரிசில்லா சொல்கிறாள். போடட்டும். எல்லோரும் படிக்கட்டும்.

'நம் குழு' என்று எழுதிவிட்டேன், கவனித்தாயா? நீ இருந்தவரைக்கும் அது உன் குழு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பங்குக் கோயில் ஹாலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கெங்கோ இருக்கிற நாடுகளின் இளைஞர்களோடு நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். உலகத்தில் எந்தக் குழந்தையும் சத்தில்லாமல் வாடக்கூடாது, அதற்கு அரசாங்கங்கள் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நான் அதற்கு 'ஐ.நா. சபை' என்று பெயர் வைத்தேன். அம்மாவும் என்னோடு சேர்ந்துகொண்டு, "ஐ.நா.வுக்கு எத்தன தோசை ஊத்தட்டும்?" என்று கேட்பாள். நீ கோபமே படாமல், "நாலு. சட்னி தனியா" என்பாய்.

என் கேள்வி ஒன்றுதான். பசிக்கிறவனுக்குச் சோறு போடாமல், சோறு போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பது என்ன வேலை? "நான் போடற சோறு நான் இருக்கற வரைக்கும்தான்டா. போட வேண்டியவங்கள போட வெச்சா, நான் இல்லாட்டியும் நடக்கும்" என்றாய் ஒருமுறை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

நீ போன சில மாதங்கள் கழித்துப் பிரிசில்லா வீட்டுக்கு வந்தாள். அழுதுவிட்டுப் போய்விடுவாள் என்று பார்த்தால், காபியைக் குடித்துவிட்டு, "ரூபன், அமலி இடத்துக்கு யாரும் வேணாம். எக்ஸெல் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்" என்றாள். இப்படிக் கேட்டதால்தான் போனேன். வேறு மாதிரி கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். போய், கூட்டத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வதைப் பார்த்து எரிச்சல்பட்டேன். எரிச்சல்பட்டுக்கொண்டே அடுத்த வாரமும் போனேன். இன்னும் போகிறேன்.

எங்கள் ஃபாக்டரிக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகள் உனக்குத் தெரியும். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறைகள். காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. ஒடிசாக்காரர்கள், ஜார்க்கண்டுக்காரர்கள், நம் அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வந்தவர்களும் உண்டு. அங்கே இருக்கிற குழந்தைகளைப் பார்த்தால் வயது சொல்ல முடியாது. இரண்டு என்று நினைத்தால் நாலு இருக்கும்.

அங்கன்வாடி இல்லாமல் இல்லை. சத்துமாவு, முட்டை எல்லாம் வருகிறது. ஆனால் அது ஊருக்குள்ளே, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கண்டெய்னர் லாரிகள் ஓடுகிற அந்த ரோட்டைக் குழந்தையோடு யார் தாண்டுவது? அப்பா அம்மா இரண்டு பேருமே காலை ஷிப்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே ரோட்டுக்கு இந்தப் பக்கத்தில் ஓர் அங்கன்வாடி வேண்டும். எங்கள் கோரிக்கை அவ்வளவுதான். மே தினத்தன்று கிராம சபை கூடும், ஃபாக்டரியும் லீவு. அன்றைக்குத் தீர்மானம் போடவைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அதற்குமுன் எத்தனை குழந்தைகள் மெலிந்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டு முற்றத்தில் முகாம் போட்டோம். ஒரு மேஜையில் கைச்சுற்று அளக்கிற நாடா. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் இருக்கும். சிவப்பில் விழுந்தால் குழந்தை ரொம்ப மெலிவு, உடனே கவனிக்க வேண்டும். அடுத்த மேஜையில் நர்ஸ்.

என்னோடு ஃபாக்டரி குவாலிட்டி செக்கிங்கில் வேலை பார்க்கும் நவீன் ஒரு யோசனை சொன்னான். "நாடாவுல செவப்பு வந்தா சட்டை பட்டன்ல ஒரு செவப்பு டேக் கட்டிடலாம் மச்சி. நர்ஸுக்கு தூரத்துலயே தெரியும். சிம்பிள்." ஃபாக்டரியில் பயன்படுத்துகிற அதே டேக், அதே நூல். குழுவில் பாதிப் பேர் ஃபாக்டரிக்காரர்கள். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வரிசை வேகமாக நகர்ந்தது. எனக்கு ரொம்பத் திருப்தி.

கௌரி என்று ஒரு குழந்தை. மூன்று வயது இருக்கும். அவளுக்கும் நாடா சிவப்பில் நின்றது, நவீன் டேக்கைக் கட்டினான். அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து அவள் அப்பா மாதப்பன் வெளியே வந்தார். அஞ்செட்டிக்காரர். எங்கள் ஃபாக்டரியில் அலுமினிய வார்ப்புப் பிரிவில் வேலை. மகளையும் டேக்கையும் பார்த்தார். கத்தவில்லை. குனிந்து நூலை அறுத்து டேக்கை நவீன் கையில் கொடுத்தார்.

"செவப்பு டேக் போட்ட பீஸ தெனமும் நான்தான் சார் அள்ளினு போயி உலையில கொட்றேன். இது நம்ம மகு சார். பீஸ் அல்ல."

கன்னடத்தில் மகு என்றால் குழந்தை. அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வரிசையில் நின்ற மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஒடிசா பெண்களுக்குத் தமிழ் புரியாது, ஆனால் புரிந்தது. அதன் பிறகு நாங்கள் போனால் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நவீன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ வேறு கவலை. இருக்கிற விவரத்தை வைத்து மனுவை எழுதுவோம், ஸ்லைடு போடுவோம், நானே பேசுகிறேன் என்றேன். பிரிசில்லா ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க கதவ சாத்திக்கிட்டு இருக்கறப்போ அவங்களுக்காகப் பேசறோம்னு எப்படிப் போய் நிப்ப?" என்றாள். உன் தோழி அல்லவா, உன்னைப் போலவே கேட்கிறாள்.

சரி என்று கேண்டீனில் மாதப்பனுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"டேக் கட்டினது தப்பு. இனிமே கட்ட மாட்டோம். ஆனா கௌரி கை நெஜமாவே மெலிஞ்சிருக்குது. அங்கன்வாடி வேணும்."

அவர் சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "கிராம சபையில யார் பேசப் போறாங்க?" என்றார்.

"நான்தான்."

"உங்க புள்ள அங்க இருக்குதா?"

"எனக்குக் கல்யாணமே ஆகல."

"அப்றம்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சிரித்துவிட்டான். மாதப்பனும் சிரித்தார். பிறகு, தனக்கும் பேச ஆசைதான், ஆனால் லைன் வீட்டுக்காரரும் கிராம சபைக்கு வருவார், அவர் முன்னால் வாயைத் திறந்தால் ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது என்றார். தமிழும் தடுமாறுமாம். கன்னடத்தில் பேசுங்கள், ஊரில் பாதிப் பேருக்குப் புரியும் என்றேன். ரூம் போகாது என்று உத்தரவாதம் தர முடியுமா என்றால், இல்லை என்றே சொன்னேன். "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்று எழுந்து போனார். மே தினம் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

கிராம சபை சமுதாயக் கூடத்தில் நடந்தது. நான் லேப்டாப்போடு போயிருந்தேன், மனசு கேட்கவில்லை. ஸ்லைடைச் சுவரில் போட்டுக் காட்டக் கரண்ட் இல்லை. நீ எங்கிருந்தோ சிரித்திருப்பாய்.

பிரிசில்லா மனுவைப் படித்தாள். பஞ்சாயத்துத் தலைவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா, பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "பாப்பா, நீ சொல்றது சரிதான். ஆனா அவங்கெல்லாம் வந்து போறவங்க. ஓட்டு இந்த ஊர்லயா இருக்குது?"

நான் எழுந்திருக்கப் போனேன். பிரிசில்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கடைசி வரிசையில் மாதப்பன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சிக்கம்மா, இடுப்பில் கௌரி. பின்னால் ஒடிசா பெண்கள். எப்போது வந்தார்கள் என்றே தெரியவில்லை.

"ஓட்டு அஞ்செட்டில இருக்குது மேடம்" என்றார் மாதப்பன். "அத எடுத்துனு வர தெரியல. புள்ளைய எடுத்துனு வந்துட்டோம். ரெண்டு பேரும் வேலைக்கு போனா இது பன்னு தின்னுட்டு கெடக்குது. எங்க ஊர்ல பஸ்ஸு இல்ல, ஆனா அங்கன்வாடி இருந்துச்சு. இங்க எல்லா பஸ்ஸும் இருக்குது." அதற்குமேல் தமிழ் வரவில்லை. கன்னடத்துக்கு மாறினார். அங்கன்வாடிக்கு அனுப்ப இஷ்டம்தான், ரோடுதான் பயம் என்று சொன்னார்.

அங்கன்வாடி டீச்சர் எழுந்தார். "கூட்டிட்டு வந்தா நான் வேணாங்கலிங்க. ரோட்ட தாண்டிக் கூட்டிட்டு வரணுமே."

"அந்த ரோட்ட நானே தாண்ட மாட்டேன்" என்றார் தலைவர். கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. லைன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏப்பா, உன் லைன்ல கடைசி ரூம் சும்மாதான கெடக்குது?"

"சும்மா இல்லீங்க. சிமெண்ட் மூட்ட அடுக்கி வெச்சிருக்கேன்."

"மூட்டைக்கு முட்ட குடுக்கணுமா? எடுத்து வேற எடத்துல வை."

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர் என்ன சொல்வார்? தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார். தீர்மானம் எழுதப்பட்டது, கையெழுத்தானது. மாதப்பனின் ரூமுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலே அனுப்பி, பதில் வந்து, ஆள் போட்டு எல்லாம் நடக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. அந்த நேரத்தில் என் பொறுமையைப் பார்த்திருந்தால் நீ அசந்து போயிருப்பாய். சரி, பொய். அங்கன்வாடி ஆபீஸில் இரண்டு தடவை சண்டை போட்டேன். பிரிசில்லாதான் போய்ச் சமாதானம் செய்தாள்.

இப்போது அந்த ரூமில் காலையில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் இன்னும் சிமெண்ட் வாசனை இருக்கிறது. முட்டை வேகிறது. போன வாரம் போயிருந்தபோது கௌரி மஞ்சள்கருவை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையை நவீன் சட்டைப் பையில் போட்டாள். அவன் துடைக்காமல் நாள் முழுக்க அப்படியே சுற்றினான். நாடாவில் அவள் கை மஞ்சளுக்கு வந்துவிட்டது. இப்போது அளப்பதை டீச்சர் உள்ளே வைத்து, அம்மாவுக்கு மட்டும் சொல்கிறார்.

உன் 'ஐ.நா. சபை'யிலும் இதைச் சொன்னேன். திரையில் நிறைய முகங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பெண், தங்கள் ஊரில் ரோடு இல்லை, ஆறு இருக்கிறது, சத்துணவு மையம் அக்கரையில் என்றாள். அந்த ஆற்றை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அங்கே இக்கரையில் யாரிடம் காலி ரூம் இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். ஊர் ஊராக இப்படி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதைத்தான் நீ வேலை என்று சொன்னாயோ?

கூட்டத்தை நடத்துகிறவர்கள் கௌரியின் பழைய போட்டோ, மெலிந்திருந்தபோது எடுத்தது, இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, இருந்தாலும் தரமாட்டேன் என்றேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொல்லிவிட்டேன் போல. பிரிசில்லா அதையே ஆங்கிலத்தில் மரியாதையாக மறுபடி சொன்னாள்.

அம்மா நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோசை மாவு அதிகமாகக் கரைத்து வைக்கிறாள், ஏன் என்று நான் கேட்பதில்லை. குழு முழுக்க நம் வீட்டில்தான் சாப்பிடுகிறது.

ஒன்று பாக்கி இருக்கிறது அமலி. ரூம் தற்காலிக ஏற்பாடு. லைன் வீட்டுக்காரர் மனசு மாறினால் சிமெண்ட் மூட்டைகள் திரும்பி வந்துவிடும். சொந்தக் கட்டடம் வேண்டும். வருகிற திங்கள்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். நான் லீவு போட்டுவிட்டேன். மாதப்பனும் சிக்கம்மாவும் ஒடிசா பெண்கள் சிலரும் வருகிறார்கள். பேசப்போவது அவர்கள். நான் பஸ்ஸில் இடம் பிடிப்பேன், வரிசையில் நிற்பேன், வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த திங்கள் போவோம். அது முடிந்தால் உத்தனப்பள்ளி ரோட்டில் ரோஜாத் தோட்டத்து ஷெட்டுகள் இருக்கின்றன, அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள். எனக்குப் பொறுமை கிடையாது, உனக்கே தெரியும். ஆனால் இதை நடுவில் விட்டுவிட்டு எழுந்து வரமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன்னோடு சண்டை போட ஆளில்லாமல்,
உன் தம்பி
ரூபன்